மாசிலாமணி உபயம் 1926

என் வீட்டுக்காரர் ஞானஒளிவு திருடர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சங்கரன்கோவிலில் இன்றைக்கும் சில பேர், அதுவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முன்பெஞ்சில் போய் உட்காருகிற சில பேர், "டீச்சர் வீட்டுக்காரரா, அந்தச் சிம்பல் கேஸ்தானே?" என்று இழுக்கிறார்கள். கேஸாம் கேஸ்! அந்த வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால் என்ன என்று எனக்கு வரும். பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சரித்திரமும் பூகோளமும் நடத்துகிற சுந்தரபாய் டீச்சர் அப்படியெல்லாம் தெருவில் நின்று பேச முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் விசைத்தறி மெக்கானிக். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம்தான். ஒரு தறி மக்கர் பண்ணினால் இவருக்கு ஆள் வரும். இவர் போனதும் ஸ்பேனரைத் தொடமாட்டார். கொஞ்ச நேரம் தறியை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். தறிக்காரர்களுக்கு அது எரிச்சல். "ரிப்பேர் பாக்க வந்தீரா, கச்சேரி கேக்க வந்தீரா வே?" என்பார்கள். இவர் குனிந்து, சரியாக அந்த ஒரு நட்டில் கையை வைப்பார்.

கச்சேரிதான் அவருக்கு உயிர். ஆறுமுகச்சாமி என்பவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் இவர் டிரம்ஸ். ராயகிரி, பனவடலிசத்திரம் என்று கல்யாண வீடு, கோயில் கொடை எதுவானாலும் லாரியில் ஏறிப் போய்விடுவார். சாதுவான மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். தாளம் தப்பினால் சாமியாடிவிடுவார். குருவிகுளத்தில் ஒரு கல்யாணத்தில் பாடியவர் பாட்டை இழுத்துவிட்டார் என்பதற்காகக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மைக் கேட்கிற மாதிரியே, "ஏலே, மாட்டு வண்டியா ஓட்டுத நீ?" என்று கேட்டிருக்கிறார். பாடியவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. அன்றைக்கு அடிபடாமல் வீடு வந்தது கர்த்தர் கிருபை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், நான் அம்மியில் அரைக்கிற தாளம் ஒரே சீராக இல்லை என்று என்னிடமே சொன்னார். குழவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு மீன்குழம்புக்கு அவர்தான் அரைத்தார்.

அந்தச் சிம்பல், அதாவது டிரம்ஸோடு வைத்து அடிக்கிற வெண்கலத் தாளத் தட்டு, 1973-ல் வந்தது. சலாவுதீன் பாய் பழைய பாத்திரக் கடை வைத்திருந்தார். பித்தளை, செம்பு, வெண்கலம் எல்லாவற்றையும் எடைக்கு வாங்கி மூட்டை கட்டி, உருக்குகிறவர்களுக்கு அனுப்புவார். கொழும்பிலிருந்து திரும்பி வந்த யாரோ தூத்துக்குடியில் விற்றுவிட்டுப் போன சாமான்களோடு ஒரு பெரிய வெண்கலத் தட்டு வந்து சேர்ந்திருக்கிறது. தாம்பாளத்தைவிடப் பெரிது. நடுவில் குமிழ், குமிழில் ஓட்டை. மற்றதெல்லாம் மூட்டைக்குள் போக, அது மட்டும் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

"பாய், இது ஏன் உருக்கப் போகல?"

"அதுல எழுத்து இருக்கு வே. நாங்க ஓதுத எழுத்து. ஜே, லாம், ஜீம்னு கூட்டிக் கூட்டிப் பாத்துட்டேன், அர்த்தம் ஒண்ணும் பிடிபடல. அது அரபி பாஷை இல்ல. ஆனாலும் எழுத்து எழுத்துதான? அதப் போயி நெருப்புல போட எனக்குத் தைரியம் இல்ல."

இவர் விரல் முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றார்களாம். அப்புறம் பாய், "கொண்டு போரும். மிதிபடாம வச்சிக்கிடும், அது போதும்" என்று சொல்லியிருக்கிறார். சும்மா வாங்குவதற்கு இவருக்கு மனசில்லை. வீட்டுக்கு வந்து, வெண்கலத்துக்கு வெண்கலம் என்று என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயிடம் கொடுத்துவிட்டார். கழுத்தில் என் பேர் வெட்டின பானை! அந்தச் சண்டை தனிக்கதை. இங்கே வேண்டாம்.

அந்தத் தட்டில் குமிழுக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன முத்திரை குத்தியிருந்தது. மேலே பாய் சொன்ன எழுத்து. கீழே ஆங்கிலத்தில் ஜில்ஜியன் என்று செய்தவர் பேர், அதற்குக் கீழே இஸ்தான்புல், துருக்கியில் செய்தது. இவர் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்து எடுத்தார். முத்திரை அப்படியே தாளில் வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கச்சேரிக்குப் போகிற ஊரில் யாரிடம் சிம்பல் இருந்தாலும், "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று தாளும் பென்சிலுமாகப் போய் நின்றுவிடுவார். எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப் பசை வைத்து ஒட்டினார். நான் சேலை எடுக்கப் பெட்டியைத் திறந்தால் துருக்கியும் அமெரிக்காவும் என் முகத்துக்கு நேரே வரும்.

ஒருநாள் பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற பேண்டு மாஸ்டர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு தாளோடு வந்தார். அவருடைய தாத்தா காலத்துச் சிம்பலாம்.

"ஏட்டி, இங்க பாரு. அதே ஜில்ஜியன், அதே எழுத்து. ஊரு மட்டும் வேற. என்ன இது, கான்ஸ்டான்டி... வாயில நுழையமாட்டேங்கு. இவன் ரெண்டு ஊர்லயும் பட்டறை போட்டிருந்தான் போலருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டும் ஒரே ஊருதான். கான்ஸ்டாண்டிநோபிளைத்தான் பிறகு இஸ்தான்புல்லுன்னு ஆக்குனாங்க. இனிமே எல்லாரும் இஸ்தான்புல்லுன்னுதான் எழுதணும்னு துருக்கி சர்க்காரே 1930-ல ஊருலகத்துக்கெல்லாம் சொல்லிட்டு. வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இதத்தான நடத்துதேன்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்கணுமே! "அப்ப முத்திரையப் பாத்தே வயசு சொல்லிரலாம்லா? கான்ஸ்டாண்டின்னு இருந்தா முப்பதுக்கு முந்தி, இஸ்தான்புல்லுன்னா முப்பதுக்குப் பிந்தி!" என்று குதித்தார். அதற்கப்புறம் ஒரு மாசம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். பால்காரர் கோனாரிடம்கூடச் சொன்னார். அவர் "அப்படியா" என்று பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

இனிமேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிற இடம்.

எங்கள் கோயிலில், நாங்கள் வேதக்காரர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம், ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் பாடகர் குழுவோடு இவர் சிம்பலைக் கொண்டுபோய் வாசிப்பார். கூலி இல்லை, ஒன்றும் இல்லை. பண்டிகை முடிகிறவரை அது வெஸ்ட்ரியில், அதாவது ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அங்கி மாட்டுகிற அறையில், ஒரு மூலையில் இருக்கும். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார்.

கோயில் கமிட்டிக்குச் செயலர் தாவீது அண்ணாச்சி. பஜாரில் ஜவுளிக்கடை, வெளியே வயல், கோயிலில் முதல் பெஞ்சு. அவருடைய அப்பா மாசிலாமணி கல்லறை கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே பளிங்கில் இருக்கிறது. கோயிலுக்குள் போகிற எவரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். 1929-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மாசிலாமணி அந்தக் காலத்தில் கோயிலுக்கு ஒரு வெண்கலத் தாளத் தட்டு வாங்கிக் கொடுத்தார் என்று கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

1978 ஆடித்தபசுக்கு, எங்கள் ஊர்க் கோமதியம்மன் கோயில் திருவிழாவுக்கு, ஆறுமுகச்சாமி குழு கச்சேரி. ஊரே தெருவில் நின்றது. இவர் அந்தச் சிம்பலைப் போட்டுப் பொளந்து கட்டினார். கூட்டத்தில் தாவீது அண்ணாச்சியும் நின்றிருக்கிறார். அவர் ஏன் அங்கே நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. இவர் ஏன் அங்கே வாசித்தார் என்பதுதான் அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பேச்சு. "கிறிஸ்மசுக்கு அடிச்ச தட்ட அம்மன் திருவிழாவுல அடிக்கான்" என்று. அவர் தட்டு, அவர் அடிக்கிறார், இவர்களுக்கு என்ன வலித்தது?

அந்த வருஷக் கிறிஸ்மஸ் முடிந்து, ஜனவரியில் இவர் சிம்பலை எடுக்கப் போனார். வெஸ்ட்ரிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. தாவீது அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டிருக்கிறார்.

"எதுக்கு வே சாவி?"

"என் சிம்பல எடுக்கணும் அண்ணாச்சி."

"உம்ம சிம்பலா? அது எங்க அப்பா கோயிலுக்குக் குடுத்தது வே. கோயில் சொத்து. இத்தன வருஷம் நீரு கொண்டுபோயி வச்சிருந்ததே தப்பு. ஏதோ வாசிக்கீருன்னு விட்டு வச்சோம்."

இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது. "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. சட்டையப் பிடிச்சேன். மூணு பேரு விலக்கிவிட்டுட்டாங்க" என்றார். போச்சா? மறுநாள் ஊருக்குள், செயலரை அடிக்கப் போன திருட்டுப்பயல் என்று பேர் ஆகிவிட்டது. தறிக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட ஸ்பேனர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள் என்று அவர் சொன்னபோது, அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் நேரே ஐயரிடம் போனேன். ஐயர் நல்லவர்தான். யாரையும் பகைத்துக்கொள்ளாத நல்லவர். வெஸ்ட்ரியைத் திறந்து சிம்பலைக் காட்டினார். "பாருங்கம்மா, பேரே வெட்டியிருக்கு" என்றார். பார்த்தேன். ஓரத்தில், உளியால் வெட்டின எழுத்து: மாசிலாமணி உபயம் 1926.

இவர் போன மாசம் வாசிக்கும்போது அந்த எழுத்து அதில் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். உபயம்! எங்கள் ஆட்கள் கோயிலுக்குக் கொடுத்தால் காணிக்கை என்றுதான் போடுவோம். பெஞ்சில், மணியில், திருவிருந்துக் கிண்ணத்தில் எல்லாம் காணிக்கைதான். உபயம் என்பது கோமதியம்மன் கோயில் விளக்கிலும் குடத்திலும் வெட்டுகிற வார்த்தை. அதோடு அந்த 'உ'வின் வால் சுழித்துக்கொண்டு போகிற தினுசு எனக்குப் பழக்கமானது. என் வீட்டுக் குடத்தில், குத்துப்போணியில், பாயிடம் போன பானையில் எல்லாம் 'சுந்தரபாய்' என்பதன் 'சு' அதே மாதிரிதான் சுழித்துக்கொண்டு போகும். எல்லாம் சங்கரசுப்பு வெட்டியது.

சங்கரசுப்பு ரத வீதியில் பாத்திரக் கடை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர். சீர்ப் பாத்திரம் எதுவானாலும் அவர் கையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகும். போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"டீச்சரம்மா, நான் சொன்னேம்மா. பானைன்னா கழுத்துல கனம் இருக்கும், வெட்டலாம். இது ஓரத்துல தகடு மாதிரி இருக்கு, வெண்கலம் விரிசல் விட்டுரும்னு சொன்னேன். அண்ணாச்சி கேக்கல. வெட்டுன்னா வெட்டுன்னுட்டாங்க."

"காணிக்கைன்னுல்லா போடணும்? உபயம்னு யாரு சொன்னா?"

"பேரும் வருஷமும்தான் அண்ணாச்சி சொன்னாங்க. கோயிலுக்குன்னாங்க. கோயிலுக்குன்னா நான் உபயம்னுதான வெட்டுவேன்?"

"இத கமிட்டில வந்து சொல்லுவீங்களா?"

அவர் உளியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கடைக் கட்டடம் அண்ணாச்சியோடதும்மா. இந்த வாசல்ல உக்காந்தாத்தான் எனக்கு வருஷம் பூரா வேல. என் வயித்துல அடிச்சிராதீங்க" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. விடுவிடுவென்று நடந்து வந்துவிட்டேன்.

சலாவுதீன் பாய் மட்டும் தானாகவே ஐயரிடம் போய், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். தாவீது அண்ணாச்சி அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "பழைய பாத்திரக்காரன் சாட்சி நம்ம கோயிலுக்குள்ள எதுக்கு? அவனுக்கும் இவனுக்கும் என்ன பங்கோ!" எடைக்கு வந்த பொருளை, அந்த எழுத்துக்கு மரியாதை கொடுத்து உருக்காமல் வைத்திருந்த மனுஷனைப் பார்த்து இப்படிச் சொல்ல நாக்கு எப்படித்தான் வந்ததோ.

அந்தச் சொல் காதில் விழுந்த அன்றைக்குத்தான் எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. எழுத்து! முத்திரை அங்கேயேதான் இருக்கிறது. ஓரத்தில் பேர் வெட்டச் சொன்ன ஆள் நடுவில் இருக்கிற முத்திரையை ஏதோ பூ வேலை என்று நினைத்துவிட்டார். பள்ளிக்கூட அலமாரியை நோண்டினேன். வெள்ளைக்காரர் காலத்து அட்லஸ் ஒன்று, கரையான் தின்றது போக மிச்சம் இருந்தது. 1922-ல் அச்சடித்தது. இப்போதைய அட்லஸ் ஒன்று. டிரங்குப் பெட்டி மூடியிலிருந்து பாளையங்கோட்டைத் தாளைத் தண்ணீர் தொட்டு மெதுவாகப் பெயர்த்தேன். "கிழிச்சிராதட்டி" என்று இவர் பக்கத்தில் நின்று நடுங்கினார். "சட்டையப் பிடிக்கும்போது இந்தப் பயம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

கமிட்டி ஞாயிறு ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் கூடியது. ஐயர், தாவீது அண்ணாச்சி, பெஞ்சில் வரிசையாகக் கமிட்டிக்காரர்கள். ஜன்னலுக்கு வெளியே பாதிச் சபை. சிம்பல் மேஜைமேல் இருந்தது. இவர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கித்தான் கூட்டி வந்திருந்தேன்.

"அண்ணாச்சி, உங்க அப்பா இந்தத் தாளத்த எந்த வருஷம் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"அதான் வெட்டியிருக்கே டீச்சர். இருபத்தாறு."

"பேரும் அப்பவே வெட்டினதா?"

"பின்ன? அப்பா காலத்துலயே வெட்டினது."

"நல்லது. இந்த நடுவுல இருக்கது என்னது?"

"அது ஏதோ பூ வேல. கம்பெனிக்காரன் போடுவான்."

"பூ வேல இல்ல. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிங்க. கீழ இங்கிலீசுலயும் இருக்கு."

அவர் வாசிக்கவில்லை. ஐயர் குனிந்து வாசித்தார். "இஸ்தான்புல்" என்றார்.

நான் பழைய அட்லஸை விரித்தேன். துருக்கிப் படம். அந்த ஊர் இருக்கிற இடத்தில் கான்ஸ்டாண்டிநோபிள். புதியதை விரித்தேன். அதே இடத்தில் இஸ்தான்புல். பாளையங்கோட்டைத் தாளைப் பக்கத்தில் வைத்தேன். "இது பழைய தாளம். அதே ஆளு செஞ்சது. ஊரு பேரு பழசு. அந்த ஊருக்கு முப்பதாம் வருஷம்தான் இங்கிலீசுல இந்தப் பேரு வந்தது. இருபத்தாறுல வாங்கின தாளத்துல, நாலு வருஷம் கழிச்சு வரப்போற பேர எப்படிக் குத்துவான்? துருக்கிக்காரன் என்ன தீர்க்கதரிசியா?" என்றேன்.

ஜன்னலில் ஒரு சலசலப்பு. தாவீது அண்ணாச்சி, இதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன், ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார்: "அப்ப வருஷத்தத் தப்பா வெட்டிட்டான் போலருக்கு. முப்பத்தாறா இருக்கும். ரெண்ட மூணாத் திருத்திட்டாப் போச்சு."

கமிட்டியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்! ஆட்டினார்கள் என்கிறேன்! நான் கஷ்டப்பட்டு அட்லஸைத் தூக்கி வந்து, இந்த ஆளுக்குச் சரியான வருஷத்தைச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.

"அண்ணாச்சி, அந்தா தெரியுத கல்லறை யாருது?"

எல்லார் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"உங்க அப்பா இருபத்தொன்பதுல நித்திரையடைஞ்சாங்கன்னு நீங்கதான் பளிங்குல வெட்டி வச்சிருக்கீங்க. முப்பத்தாறுல எந்திரிச்சி வந்து தாளம் வாங்கிக் குடுத்துட்டுத் திரும்பப் போயிப் படுத்துக்கிட்டாங்களா? இல்ல, கல்லறையிலயும் வருஷத்தத் திருத்துவீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ பெண்பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டாள். அதோடு எல்லாரும். தாவீது அண்ணாச்சி முகம் செத்துப்போனது. ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஞானஒளிவு, உங்க பொருள நீங்க எடுத்துக்கிடுங்க" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? திருடன் என்று சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை? ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனாலும் எல்லார் முன்னாலும் இது இவருடையது என்று ஆகிவிட்டது. எனக்கு அப்போது அது போதும் என்று இருந்தது.

இவர் மேஜைக்கு வந்தார். சிம்பலைக் குமிழில் பிடித்துத் தூக்கி, பாய் கடையில் தட்டின மாதிரியே விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்.

அவ்வளவுதான். ஓட்டைச் சட்டியைத் தட்டின சத்தம். இவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உபயம் என்கிற எழுத்தின் நடுவில் தொடங்கி, ஓரம் வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு. சங்கரசுப்பு சொன்னது சரி. விரிசல் விட்டுவிட்டது.

சட்டையைப் பிடிப்பார், மேஜையைக் கவிழ்ப்பார் என்று நான் பயந்தேன். உண்மையைச் சொன்னால், கவிழ்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் அதை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"என் சிம்பல் செத்துப்போச்சி அண்ணாச்சி. இது உங்க அப்பா பேரு போட்ட தட்டு. கோயில்லயே இருக்கட்டும்" என்றார். வெளியே போய்விட்டார்.

வழியெல்லாம் நான் கத்தினேன். உங்களுக்கு மானம் ரோஷம் இல்லையா, இத்தனை பேர் முன்னால் ஜெயித்ததைத் தூக்கி அந்த ஆளிடமே கொடுத்துவிட்டு வருகிறீர்களே என்று கத்தினேன். அவர் வீட்டுக்கு வந்து பெட்டி மூடியைத் திறந்து, பெயர்த்த இடத்தில் அந்தப் பாளையங்கோட்டைத் தாளை மறுபடி ஒட்டினார். ஒட்டும்போது அழுதார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

அதற்கப்புறம் வேறு ஒரு பித்தளைத் தட்டை வாங்கிக் கச்சேரிக்குப் போனார். போனார், வந்தார், அவ்வளவுதான். தாளம் தப்பினால்கூடச் சண்டை போடுவதில்லை.

கோயில் சிம்பல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அப்பா பேர் போட்ட தட்டைத் தாவீது அண்ணாச்சி தூக்கிப் போட முடியுமா? வாசிக்காமல் வைத்தால் ஊர் சிரிக்காதா? ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அதைத் தொங்கவிட்டு, பாடகர் குழுவில் யாரையாவது அடிக்கச் சொன்னார்கள். சபை எழுந்து நின்று, பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில், டொக். என் வீட்டுக்காரரைத் திருடன் என்றார்கள் இல்லையா, அந்த டொக்கை முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று நான் ஒரு வருஷம்கூடத் தவறாமல் போய் உட்கார்ந்தேன். மகிழ்ச்சியாகவே கேட்டேன். ஒளித்து என்ன?

1984 டிசம்பரில் ஒருநாள், பட்டப்பகலில், தாவீது அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் துண்டில் சுற்றின தட்டு. வயதாகியிருந்தார். நான் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. இவர்தான் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"ஞானஒளிவு, இதுக்கு ஏதாவது வழி இருக்கா? வருஷா வருஷம் எங்க அப்பா பேருல அந்தச் சத்தத்தக் கேக்க முடியல."

வழி இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு டிரம்மர் இவரிடம் சொல்லியிருந்தார். அது தெரிந்த நாளிலிருந்து, போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்க என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். நானாகப் போகமாட்டேன், அவராகக் கொண்டு வரட்டும் என்று இவர் உட்கார்ந்திருந்தார். இதோ வந்துவிட்டது. இவர் துண்டைப் பிரித்தார். கோடு இன்னும் நீண்டிருந்தது. முத்திரையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இருக்கு அண்ணாச்சி. விரிசல் ஓடின இடத்த அப்படியே அறுத்து எடுத்துரணும். ஓரத்துல கொஞ்சம் பள்ளமாத் தெரியும். மிச்சம் இருக்கது பேசும். முன்ன மாதிரி இல்லன்னாலும் பேசும்."

"அறுத்துரும் வே."

"விரிசல் உங்க அப்பா பேருக்குள்ள ஓடுது அண்ணாச்சி. அறுத்தா பேரு போயிரும்."

தாவீது அண்ணாச்சி இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா போகும்போது நான் சின்னப்பய, டீச்சர். முகமே ஞாபகம் இல்ல. பேருதான் இருக்கு."

எனக்கு மனசு இளகியது என்று எழுதினால் அது பொய். இந்த வீட்டிலும் ஒருத்தருக்கு நல்ல பேர் இருந்தது, அதை நீங்கள் என்ன பண்ணினீர்கள் என்று கேட்டேன். அவர் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இவர் தெருமுனை வரைக்கும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னைக்கே அறுத்துக் குடுத்திருப்பேன் ஏட்டி. கோயில்லயே இருக்கட்டும், யாரு வேணும்னாலும் அடிக்கட்டும். அதுக்கு உசிரு வந்தா எனக்குப் போதும்" என்றார்.

அந்தக் கிறிஸ்மசுக்கும் நான் போய் உட்கார்ந்தேன். டொக் என்றது. பக்கத்தில் இவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பெஞ்சில் தாவீது அண்ணாச்சியும் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்கிறேன், தட்டுக்கு உசிர் வந்தால் இவருக்குப் போதுமாக இருக்கலாம். எனக்குப் போதாது.